பதினேழு வளைவுக்கு என்ன ஈடு

1

தமிழில் இதுவரை எழுதப்பட்ட கதைகளில் எந்தக் குறையும் இல்லாத முதல் கதை இது. ஆணவத்தில் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். இதற்குத் தொடக்கம் உண்டு, நடு உண்டு, முடிவும் உண்டு. மூன்றையும் நானே பொருத்தித் தருகிறேன். 'முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன்' என்று சொல்லி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போகும் எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். ஸ்டியரிங் இல்லாத வண்டியை விற்றுவிட்டு, 'உங்கள் ரசனைக்கேற்ப ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்' என்று சொல்கிறவர்கள் அவர்கள். வாசகர் காசு கொடுத்தவர். (இது கல்லூரி மலரில் வந்தால், கட்டணத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பார்கள். அதுவும் காசுதான்.)

கதை பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். போடி கடைத்தெருவில், ஓர் ஏலக்காய்க் கடையின் பக்கவாட்டுச் சந்தில், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் படுதா போட்டு மூடிக் கிடந்தது. ஒரு மூலையில் படுதா விலகியிருந்ததால் மஞ்சள் நிறம் தெரிந்தது. மேலே யாரோ மோர்மிளகாய் காயவைத்திருந்தார்கள். இடுப்பு உயரம்கூட இல்லாத, லேசாகச் சாய்ந்த, நாள் முழுக்க வெயில் விழும் இடம். மோர்மிளகாய்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பக்கத்தில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ராக்கையா அண்ணனிடம் கேட்டேன். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை மலைக்கு ஏற்றிப்போகிறவர் அவர்.

"கம்பெனிக்காரன் வண்டியத் திரும்பக் கூப்பிட்டுட்டான்" என்றார்.

"கூப்பிட்டா அனுப்பிவைக்க வேண்டியதுதானண்ணே?"

"அனுப்பக் கூடாது, ஓட்டக் கூடாது, இருக்குற எடத்துலயே கெடக்கட்டும்னுதான் மாப்ளே கூப்பிட்டிருக்கான்."

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. மற்றதெல்லாம் நான் செய்தது.

2

தொடக்கம் எழுதப் பட்ட பாட்டை மறைக்க விரும்பவில்லை.

'பிரேம்சிங்கின் கண்களில் கண்ணீர்—'

(இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் முதல் வரியிலேயே அழுதால், நடந்து போகிறவர்கள் எல்லாரும் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.)

'நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு பொருளில் குறை கண்டறியப்படுமாயின் அதன் உற்பத்தியாளர் ஆனவர்—'

(இது தேர்வுக்கு.)

'மலையடிவாரத்தில் ஓர் அழகிய ஊர். அங்கே மேகங்கள்—'

(மேகத்துக்கு இந்தக் கதையில் சோலி இல்லை.)

நான்காவதாக இப்படித் தொடங்கினேன். இது நிற்கிறது:

இடது பக்கம் முழுசாக ஒடித்தால் ஸ்டியரிங் சிக்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி பிரேம்சிங்குக்குத் தெரிவித்தது. சிக்கிக்கொள்ளும் என்று சொல்லவில்லை. சிக்கிக்கொள்ளாது என்றும் சொல்லவில்லை.* மாற்றுப் பாகம் கடல் கடந்து வந்துகொண்டிருக்கிறது, வந்து சேரும்வரை வாகனத்தை இயக்க வேண்டாம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பல மொழிகளில் வருந்தியிருந்தது. தமிழில் வருந்தியபோது மட்டும் ஓர் எழுத்துப்பிழை இருந்தது.

கடைத்தெரு இதை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டு தீர்க்க முயன்றது. போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும்போது இடது பக்கம் திரும்புகிற வளைவு, இறங்கும்போது வலதாகிவிடுகிறது. ஆகவே பாதி வளைவில்தான் குறை; ஆகவே பாதி ஈடுதான் கேட்க முடியும் என்பது ராக்கையாவின் வாதம். கூடவே, தன் ஜீப்பைச் செய்த கம்பெனியில் உயிரோடு யாராவது இருந்தால்தானே திரும்பக் கூப்பிட என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்.

(* முதலில் பிரேக்கைத்தான் பழுதாக்கினேன். பிரேக் என்றால் யாராவது சாக வேண்டும். எனக்கு அதற்கு மனசில்லை. பிறகு கூரையை ஒழுகவிட்டேன். ஒழுகும் கூரைக்கு ஈடு என்று ஆரம்பித்தால் பாதி ஊர் வரிசையில் வந்து நிற்கும். ஆகவே ஸ்டியரிங்.)

3

இப்போது பிரேம்சிங். இவரை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை.

நாற்பத்தெட்டு வயது. அப்பா வைத்த ஏலக்காய்க் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மூன்றாவது பெஞ்சு. வாழ்நாளில் வேகமாக எதையும் செய்தவர் இல்லை. டீயைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பார். இப்படிப்பட்ட மனிதர் எதற்காக இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார்? கடைத்தெருவில் கேட்டவர்களிடம், "ஒரு ஆசைதான்" என்றார். ஒரு வியாபாரி ஆசை என்று சொன்னால் வேறு காரணம் இருக்கிறது என்று கடைத்தெருவுக்குத் தெரியும். என்ன காரணம் என்று மட்டும் தெரியவில்லை. முதல் இரண்டு வரைவுகளில் எனக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வரைவில் கிருபாராணி வந்தார்.

கிருபாராணி, பிரேம்சிங்கின் மனைவி. பிறந்தது மேலே, போடிமெட்டைத் தாண்டி ஒரு தோட்டத்தில். தங்கை அனுசியா இன்னமும் அங்கேதான் இருக்கிறாள். மலையில் பிறந்தவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்பதுதான் விசேஷம். பஸ்சில் போனால் நான்காவது வளைவில் வாந்தி. ஜீப்பில் இரண்டாவதிலேயே. கல்யாணமான நாளிலிருந்து தங்கையைப் பார்க்கப் போவது என்றால் ஓர் எலுமிச்சம்பழம், ஒரு பாலித்தீன் பை, இறுக மூடிய வாய். அப்படிப் போய்ச் சேர்ந்து, அரைநாள் அங்கே படுத்துக் கிடந்துவிட்டு, திரும்பவும் அதே வாயை மூடிக்கொண்டு இறங்குவார்.

மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், நண்பர் ஒருவர் தன் ஸ்போர்ட்ஸ் காரில் இருவரையும் அழகர்மலைப் பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார். தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகிற வண்டி. ஆடாது, அலையாது. வளைவெல்லாம் முடிந்து சமதளத்துக்கு வந்தபிறகுதான் பிரேம்சிங் கவனித்தார்: பையைக் காணோம். எலுமிச்சம்பழம் மடியிலேயே கிடக்கிறது. மனைவி பேசிக்கொண்டே வந்திருக்கிறாள்.

மறு மாதமே மஞ்சள் கார் வந்துவிட்டது. ஞாயிறுதோறும் ஆலயம் முடிந்ததும் இருவரும் மலையேறினார்கள். 'என்ஜின் தூங்கிரக் கூடாதுல்ல' என்று பிரேம்சிங் கடைத்தெருவில் காரணம் சொன்னார்.

இந்த இடம்வரை எழுதி, வகுப்புத் தோழி அருணாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கி, எங்கேயும் எதையும் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன்டா, அந்தம்மாவுக்கு வாந்தி எடுக்குறதத் தவிர உன் கதையில வேற சோலியே இல்லையா? பேசிக்கிட்டே வந்தாங்கன்னு எழுதியிருக்க. ஒரு வார்த்த பேசவிட்டியா?"

அது ஒரு குறியீடு என்றேன்.

"எதுக்கு?" என்றாள்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

4

நியாயமான ஈடு என்றால் என்ன? இழந்ததற்குச் சமமாகத் திரும்பக் கிடைப்பது. சமம் என்பதை எதைக் கொண்டு அளப்பது? கம்பெனி உயரத்தைக் கொண்டு அளந்தது. வாடிக்கையாளர் இழந்தது தாழ்வான வண்டி. நாம் தருவது உயரமான வண்டி. ஆகவே வாடிக்கையாளர் லாபத்தில் இருக்கிறார்.

இந்தச் செய்தியோடு மதுரைக் கிளையிலிருந்து வந்தவள் முத்துப்பிரியா. கம்பெனியின் வாடிக்கையாளர் உறவு அதிகாரி, சென்னையில் வளர்ந்தவள். பின்னாலேயே ஒரு பெரிய வெள்ளை வண்டி வந்தது. ஏறுவதற்குப் படி வைத்த வண்டி. கடைத்தெரு எழுந்து நின்று பார்த்தது. மூட்டை வைத்தால் எத்தனை பிடிக்கும் என்று உடனே பேச்சு கிளம்பியது.

பாகம் வரும்வரை இந்த வண்டியை வைத்துக்கொள்ளலாம், அடுத்த சர்வீஸ் இலவசம், கூடவே கம்பெனி பெயர் போட்ட ஒரு தொப்பியும் ஒரு குடையும் என்று அவள் மென்மையாக எடுத்துச் சொன்னாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் போடியில் முதல் விலைக்கு யாரும் பதில் சொல்வதில்லை. கட்டாது என்றுகூடச் சொல்வதில்லை. தட்டிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து, நகத்தால் பிளந்து, முகர்ந்து, மெதுவாக மேசைமேல் வைப்பார்கள். 'அடுத்ததைச் சொல்' என்று பொருள். பிரேம்சிங் அதைத்தான் செய்தார். காயைப் பிளந்தார், முகர்ந்தார், வைத்தார், மின்விசிறியைப் பார்த்தார்.

முத்துப்பிரியா காத்திருந்தாள். அவர் இன்னொரு காயைப் பிளந்து வைத்தார். 'இன்னும் ஏறு' என்று பொருள்.

சென்னையில் வளர்ந்த பெண்ணுக்கு அது உபசாரமாகப் பட்டது. "தேங்க்ஸ் சார்" என்று சொல்லி, பிளந்த காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கடையில் இருந்தவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள். விற்கிறவர் பிளந்து வைத்த காயை, வாங்க வந்தவர் எடுத்து மென்றுவிட்டால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். பிரேம்சிங் தன் நஷ்டத்தை விற்க உட்கார்ந்திருந்தார், அவள் வாங்க வந்திருந்தாள், மென்றும்விட்டாள். வாசலில் நின்ற ராக்கையா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவுக காயத் தின்னுட்டாக அண்ணாச்சி. இனிமே பேச்சில்ல."

முத்துப்பிரியா சாவியைக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். இருபத்தைந்து வருட வியாபாரத்தில் முடிந்த பேரத்தை அவர் முறித்ததில்லை.

(காயைப் பிளந்து வைப்பதெல்லாம் நான் வைத்த வழக்கம்தான். நிஜமாகவே உங்கள் கடைத்தெருவில் இப்படி இருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.)

5

வெள்ளை வண்டியில் முதல் ஞாயிறு. மலையடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடி தாண்டியதும் கிருபாராணி எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தார். மூன்றாவது வளைவில் வண்டி நின்றது. பிரேம்சிங் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினார். அங்கேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றார் கிருபாராணி. தன் தங்கையைப் பார்க்கக் கணவனை மட்டும் அனுப்புவது எப்படி என்று அவரும் யோசிக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. வண்டி வாசலில் நின்றது. தெருவே அதன் உயரத்தைப் பாராட்டியது. பிரேம்சிங் வீட்டுக்குள் உட்கார்ந்து, 'என்னமாச்சும் பேசு' என்று மனைவியிடம் கேட்க நினைத்தார். அப்படிக் கேட்டால், எதைப் பேசுவது என்று கிருபாராணி திருப்பிக் கேட்பார். 

தான் இழந்தது என்ன என்று பிரேம்சிங்குக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைக் கடைத்தெருவில் சொல்ல முடியாது. அவ்வளவு காசு போட்டுக் காரை வாங்கியது பெண்டாட்டி பேசுவதைக் கேட்கத்தான் என்று தெரிந்தால், மறுநாள் அவர் சொல்லும் விலைக்கு மதிப்பு இருக்காது.

(இந்த இடத்தில் நான் அவரை நம்ப ஆரம்பித்தேன். பதிவுக்காக.)

முடிந்த பேரத்தை உடைக்கக் கடைத்தெருவில் ஒரே ஒரு வழி உண்டு. சரக்கில் குறை இருந்தால், கொடுத்தவரையே வரவழைத்து, அவர் கண்முன்னால் பிரித்துக் காட்டலாம். கொடுத்தவர் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினால் பேரம் ரத்து. பிரேம்சிங் நான்கு நாள் யோசித்துவிட்டு முத்துப்பிரியாவுக்குப் போன் செய்தார்.

"நீங்க குடுத்த வண்டியில ஒரு குறை இருக்கு மேடம். மலை ஏறுனாத்தான் தெரியும். ஞாயித்துக்கிழம வந்து ஒங்க கண்ணால பாத்துருங்க."

6

பிரேம்சிங் ஓட்டினார். முன்னால் கிருபாராணி, பின்னால் முத்துப்பிரியா. மடியில் ஒரு சின்னக் கணினிப் பலகை. குறையைக் கண்டதும் பதிந்துகொள்வதற்கு.

முதல் இரண்டு வளைவில் அவள் மலையைப் படமெடுத்தாள். மூன்றாவதில் பலகையை மூடிப் பைக்குள் வைத்தாள். நான்காவதில், போடிமெட்டு இன்னும் எவ்வளவு தூரம் என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். ஐந்தாவதில், "சார், ஒரு நிமிஷம் நிறுத்த முடியுமா?" என்றாள்.

வண்டி முழுசாக நிற்கும்முன் கிருபாராணி இறங்கியிருந்தார். பின்கதவைத் திறந்து, அந்தப் பெண்ணின் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, மறுகையால் பாலித்தீன் பையை விரித்துப் பிடித்தார். இத்தனை வருட அனுபவம் அதில் இருந்தது. தண்ணீர், பிறகு எலுமிச்சம்பழம், பிறகு காதோரம் ஒரு விசிறல். எட்டாவது வளைவில் இன்னொரு தடவை. பன்னிரண்டாவதில் நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை.

போடிமெட்டில் ஒரு பாலத்துச் சுவரில் முத்துப்பிரியாவை உட்காரவைத்தார்கள். பிழிந்த துணிபோல உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் கடமை தவறாத பெண். மூச்சு வந்ததும் கேட்டாள்.

"மேடம், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அப்போதுதான் பிரேம்சிங்குக்கு உறைத்தது. ஆகவில்லை. விருந்தாளியைக் கவனிக்கிற மும்முரத்தில் கிருபாராணிக்குத் தலைகூடச் சுற்றவில்லை. நிரூபிக்கக் கூட்டிவந்த குறை, வண்டியைக் கொடுத்தவர் பக்கமே போய்விட்டது. கடைத்தெருச் சட்டப்படி இந்த வழக்கு செல்லாது.

(இங்கே கதை என் கையைவிட்டு நழுவியது. கிருபாராணிக்கும் வாந்தி வருவதாக ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. எழுதினேன். அருணாவின் முகம் நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டேன்.)

கிருபாராணி முந்தானையால் அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒன்னப் பாத்துக்கிட்டதுல எனக்கு வரல தாயி. வந்தாத்தான் குறையா? கீழ இருந்து மேல வரைக்கும் நான் ஒரு பேச்சுப் பேசினேனா?"

முத்துப்பிரியா இல்லை என்று தலையசைத்தாள்.

"வாயத் தொறந்தா வந்துரும்னு பல்லக் கடிச்சிக்கிட்டு வருவேன். கல்யாணம் ஆனதுல இருந்து இந்த ரோட்டுல நான் பேசுனதே கெடையாது. கீழ கடை இருக்கும், கணக்குப்பிள்ள இருப்பாரு, ஆள் மாத்தி ஆள் வருவாக. இவுகளும் நானும் மட்டும் இருக்குறது இந்தப் பதினேழு வளைவுலதான். அந்த மஞ்ச வண்டியிலதான் மொத மொதல்ல பேசிக்கிட்டே வந்தேன். இவுக கேட்டுக்கிட்டே வந்தாக." கொஞ்சம் நிறுத்தினார். "குடையும் தொப்பியும் குடுத்தியே, அதுக்கு என்ன குடுப்ப?"

பிரேம்சிங் எதுவும் சொல்லவில்லை. இது விலை ஏற்றுகிற மௌனம் இல்லை. அவர் கையில் காய் எதுவும் இல்லை. மனைவி கடைத்தெருவில் சொல்ல முடியாததை மலை உச்சியில் சத்தமாகச் சொல்லிவிட்டாள் என்பதும், அது அவளுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது என்பதும் அவர் முகத்தில் ஒன்றாக வந்து நின்றன. அவர் போய் டீ சொல்லிவிட்டு வந்தார். ஆறவைக்காமல் குடித்தார்.

முத்துப்பிரியா பலகையைத் திறந்தாள். வாகன மதிப்பு என்று ஓர் இடம் இருந்தது. மாற்றுப் பயணச் செலவு என்று ஓர் இடம். தொழில் நஷ்டம் என்று இன்னொன்று. எதிலும் இதை வைக்க முடியவில்லை. ஏதோ எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள்.

"இதை எப்படி சார் எழுதுறது?" என்றாள்.

எனக்கும் அதே கேள்விதான்.

7

முடிவு. வாக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்று எழுதியிருக்கிறேன், நல்லதாக ஒன்றைப் பொருத்திவிடுகிறேன்.

முதல் முடிவு: முத்துப்பிரியாவின் அறிக்கை வேலை செய்கிறது. வெள்ளை வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பாகம் வரும்வரை கம்பெனி தன் ஷோரூமில் நிற்கும் இன்னொரு தாழ்வான காரை அனுப்புகிறது. தாழ்வுக்குத் தாழ்வு. நியாயமான ஈடு. ஆனால் இப்படி முடித்தால் கம்பெனி எனக்கும் ஒரு குடை அனுப்பியதாகப் பேசுவார்கள்.

இரண்டாவது: தேனியில் வழக்கு. மனைவி பேசியதற்கு வளைவுக்கு எவ்வளவு என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிறார். அதற்கு ராக்கையா சாட்சிக் கூண்டில் ஏறி, இடது வளைவுக்கு ஒரு விலை, வலது வளைவுக்கு ஒரு விலை என்று விளக்குகிறார். பேச்சின் மாதிரி ஒன்றைத் தாக்கல் செய்யும்படி உத்தரவாகிறது. கிருபாராணி பேச ஆரம்பிக்கிறார். மாலை வரை நிறுத்தவில்லை. நீதிமன்றம் ரசித்துக் கேட்டுவிட்டு, மீதியைக் கேட்பதற்காகவே அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கிறது. எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது. ஆனால் என் படிப்பு முடிவதற்குள் இது முடியாது.

மூன்றாவது: பாகம் வந்துவிடுகிறது. மோர்மிளகாயை அள்ளிவிட்டுப் படுதாவை எடுக்கிறார்கள். எனக்கு ஒரு வரி வேலைதான். எழுதிவிட்டு யோசித்தேன். இனி அந்த ஸ்டியரிங் சிக்காது என்று என்னால் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா? அதைப் பழுதாக்கியது கம்பெனி இல்லை. இரண்டாம் பகுதியின் அடிக்குறிப்பைப் பார்த்தால் யார் என்று தெரியும். அப்படிப் பார்த்தால் கிருபாராணிக்கு ஈடு தர வேண்டியவன்—

(இந்த வாக்கியத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன்.)

ஒரு ஞாயிறு. ஆலயம் முடிந்து அரை மணி. தரையோடு ஒட்டிய ஒரு கார் முந்தலைத் தாண்டுகிறது. ஷோரூமிலிருந்து வந்ததா, வழக்கில் கிடைத்ததா, பாகம் மாற்றிய மஞ்சள் காரேதானா என்பதைச் சொல்ல நிறம் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. ஓட்டுகிறவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்கிறார். முதல் வளைவு வருகிறது, திரும்புகிறது, பின்னால் போகிறது. கிருபாராணி வாயைத் திறக்கிறார்.

"ஏங்க, அனுசியா வீட்டுக்கு எதுத்தாப்புல ஒருத்தி புதுசா குடி வந்திருக்காளே, அவ என்ன பண்ணியிருக்கா தெரியுமா—"

என்ன பண்ணியிருக்கிறாள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பதினாறு வளைவு இருக்கிறது.